வடக்கு எது என்று கை தூக்கினோம்

எங்கள் நகரில் வடக்கு எந்தப் பக்கம் என்பது சங்கப் பொதுக்குழுவில் கை தூக்கி முடிவு செய்யப்பட்டது. ஆதரவு பதினேழு, எதிர்ப்பு இரண்டு. ஆதரவாகத் தூக்கிய கைகளில் ஒன்று என்னுடையது. நான் தாம்பரம் தாண்டி ஒரு பள்ளியில் இருபத்தெட்டு வருடமாகப் புவியியல் நடத்துகிறவள். வரைபடத்தில் வடக்கைத் தப்பாகக் குறித்ததற்காக எத்தனை பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்திருக்கிறேன் என்பதற்கு எனக்கே கணக்கில்லை. அவர்களில் ஒருவர் அன்று அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் என் காதைத் திருகியிருப்பார்.

எல்லாம் இட்லியில் ஆரம்பித்தது. சேலையூர் தாண்டி, கேம்ப் ரோட்டிலிருந்து இரண்டு திருப்பம் உள்ளே தள்ளி எங்கள் நகர். பக்கத்திலேயே அதே பெயருக்குப் பின்னால் 'விரிவு' என்ற வாலை ஒட்டிக்கொண்டு இன்னொரு நகர். நாங்கள் போனில் வரவழைக்கும் இட்லி முதலில் விரிவுக்குப் போய், அங்கே யார் வீட்டு வாசலிலோ நின்று, ஆறி, அவமானப்பட்டு, பிறகுதான் எங்களிடம் வரும். 'அடையாளம் ஏதாச்சும் சொல்லுங்கக்கா' என்று கேட்டால் சொல்வதற்கு எங்களிடம் ஒரு தண்ணீர்த் தொட்டியைத் தவிர ஒன்றும் இல்லை. தண்ணீர்த் தொட்டி விரிவிலும் இருந்தது. போதாக்குறைக்கு அவர்கள் பூங்கா வாசலில் ஆளுயர எழுத்தில், நடுவே சிவப்பு இதயம் வைத்து, எங்கள் நகரை நேசிக்கிறோம் என்று ஆங்கிலத்தில் எழுதி விளக்கும் போட்டுவிட்டார்கள்.

எங்கள் சங்கத் தலைவருக்கு அது பொறுக்கவில்லை. அவர் ஹார்டுவேர் கடைக்காரர். இந்த மனைகள் எல்லாம் ஒரு காலத்தில் அவருடைய அப்பாவின் நெல் வயல். வயலை விற்றுக் கடை வைத்து, அந்த வயலில் எழும்பிய வீடுகளுக்கே சிமெண்டும் பைப்பும் விற்ற குடும்பம். அதனால் நகரில் எது நடந்தாலும் தன் வயலில் நடப்பதுபோலவே பேசுவார். நாங்களும் விட்டுவிடுவோம்.

"அவங்க லவ் பண்ணுவாங்க, நாம வேடிக்கை பார்க்கறதா? நம்ம பார்க்ல பெருசா ஒரு மணிக்கூண்டு வெப்போம்" என்றார் கூட்டத்தில்.

எனக்கு அன்று காலையிலிருந்தே தலைவலி. நூற்றிருபது விடைத்தாள் திருத்திவிட்டுப் போயிருந்தேன். "பார்க்குல போட்ட பல்பே ஒரு வாரம் தங்கல. மணிக்கூண்டு வெச்சா முள்ளைக் கழட்டிட்டுப் போயிடுவாங்க. பேசாம ஒரு சூரியக் கடிகாரம் வைங்க. பேட்டரியும் வேண்டாம், திருடவும் முடியாது" என்றேன்.

கிண்டலாகத்தான் சொன்னேன். என் கிண்டல் யாருக்கும் கிண்டலாகத் தெரிவதில்லை என்பது என் ஜாதக விசேஷம். நான் நாற்காலியில் திரும்ப உட்காருவதற்குள் தீர்மானம் கைதட்டலோடு நிறைவேறி, தொழில்நுட்ப ஆலோசகர் என்று என் வீட்டு எண்ணும் மினிட்ஸ் புத்தகத்தில் ஏறிவிட்டது. எங்கள் சங்கத்தில் ஆளின் பெயரை எழுதுகிற வழக்கம் இல்லை. மனைக்கு ஒரு எண், மனைக்கு ஒரு ஓட்டு. எங்கள் மனை எண் பதினான்கு.

சரி, மாட்டிக்கொண்டாயிற்று, ஒழுங்காகவாவது செய்வோம் என்று படம் வரைந்தேன். நடுவில் முப்பதடி நீளத்துக்கு வடக்கு நோக்கி மெல்ல ஏறும் ஒரு சுவர். இரண்டு பக்கமும் வளைந்த இறக்கைகள், அவற்றில் மணிக்கோடுகள். காலையில் சுவரின் நிழல் மேற்கு இறக்கையில் விழுந்து நகரும். உச்சியில் சுவருக்குள்ளேயே அடங்கிவிடும், அதுதான் பன்னிரண்டு. பிறகு கிழக்கு இறக்கையில் ஏறும். சுவரின் சாய்வு அந்தந்த ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு இருக்க வேண்டும். தாம்பரம் பக்கத்துக்குப் பதிமூன்று டிகிரி.

தலைவர் போனில் வடக்கத்திய சூரியக் கடிகாரம் ஒன்றின் படத்தை வைத்திருந்தார். மாடிப்படிபோல வானத்துக்கு ஏறிய கடிகாரம். என் படத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"டெல்லிக்கு எவ்ளோ டீச்சர்?"

"இருபத்தெட்டரை டிகிரி."

"நமக்குப் பதிமூணுதானா? இதுலயும் நமக்குக் கொறைச்சுதான் குடுப்பாங்களா?"

இது மத்திய அரசு ஒதுக்கீடு இல்லை, பூமி உருண்டையாக இருப்பதால் வருவது என்று விளக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசியில், "சரி, பதினஞ்சாவது போடலாமே" என்று பேரம் பேசினார். நான் பதிமூன்றிலேயே நின்றேன். அந்தச் சண்டையில் ஜெயித்த திமிர்தான் அடுத்ததில் என்னைக் கவிழ்த்தது.

அடுத்தது திசை. மேஸ்திரி அடையாளக்கோடு போட வந்த நாள் ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அவர் எங்கள் வரிசையில் பாதி வீடுகளைக் கட்டியவர், எங்கள் வீடு உட்பட. பூங்காவின் மதில் ஓரமாக மூலைமட்டம் வைத்து நூல் பிடிக்கப் போனார். நான் தடுத்து, பழைய முறைப்படி செய்யச் சொன்னேன். தரையில் ஒரு கம்பை நேராக நட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டம். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு ஆணி, பிற்பகலில் தொடும் இடத்தில் இன்னொரு ஆணி. இரண்டையும் சேர்த்தால் அப்பழுக்கில்லாத கிழமேற்குக் கோடு. பிற்பகல் ஆணி அடித்து நூலைக் கட்டி, மேஸ்திரி எழுந்து நின்று பார்த்தார். நூலுக்கும் மதிலுக்கும் நடுவே நன்றாகவே ஒரு கோணம் இருந்தது.

"டீச்சர், செவுரு கோணையா கீது" என்றார்.

"சுவர் ரோட்டுக்கு நேராத்தானே இருக்கு மேஸ்திரி?"

அவர் ரோட்டைப் பார்த்தார். ரோட்டை ஒட்டி வரிசையாக நிற்கும் வீடுகளைப் பார்த்தார். கையை வாயில் வைத்துக்கொண்டார். "அப்போ ரோடே கோணையா? உங்க வூடு நான்தான டீச்சர் கட்னேன். சார் டெய்லி வந்து நின்னுகினு கெயக்கு கெயக்குன்னு சொல்லிகினே இருப்பாரே. இன்னா டீச்சர் இது, பேஜாரா பூட்ச்சி."

ரோடு உண்மையான வடக்கிலிருந்து இருபது டிகிரி கிழக்கே சாய்ந்திருந்தது. கிழக்கு பார்த்த மனைகள் என்று விளம்பரத்தில் போட்டு விற்ற எங்கள் வரிசை முழுதும் அதே அளவுக்குத் தென்கிழக்கே திரும்பி உட்கார்ந்திருந்தது. மேஸ்திரிக்கு அது புதுச் செய்தி. எனக்கு இல்லை.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கல்யாண வாழ்க்கையில் எல்லா முடிவும் நான் எடுத்தது. எந்த டாக்டர், எந்தப் பள்ளிக்கூடம், அவருக்கு எந்தச் சட்டை, தாம்பரத்திலிருந்து ஆபீசுக்கு எந்த ரயில் எல்லாம் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, என் சுபாவம் அப்படி. அவர் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார். ஒரே ஒரு முடிவுதான் அவர் எடுத்தது. பதினெட்டு வருடம் முன்பு, பள்ளிக்கு அடுத்த தெருவில் நான் பார்த்து வைத்திருந்த வீட்டை வேண்டாம் என்று சொல்லி, இந்த மனையை வாங்கினார். காரணம், கிழக்கு பார்த்தது. நான் ஆறு மாதம் சரியாகப் பேசவில்லை. பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. 'உங்க கிழக்கு எனக்கு ரெண்டு பஸ்ஸு' என்று குத்திக்கொண்டே இருந்தேன்.

அதன் பிறகு எங்களுக்கு நடந்த நல்லது எல்லாம் கிழக்கு வாசலின் கணக்கில் சேர்ந்தது. மகளுக்குக் காட்டாங்குளத்தூரில் படிக்க இடம் கிடைத்தது கிழக்கு. பெருமழையில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர் நின்றும் எங்கள் வாசற்படி ஏறாமல் போனது கிழக்கு. சிகரம் வைத்ததுபோலப் பொங்கல். பொங்கலன்று விடிகாலையில் எல்லோரையும் எழுப்பி ஹாலில் நிறுத்துவார். சூரியன் எதிர் வீட்டு மாடிக்கு மேலே வந்ததும், வெளிச்சம் வாசல் வழியாகக் கோடு கிழித்த மாதிரி நேரே வந்து, ஹாலைக் கடந்து, கடைசியில் இருக்கும் பூஜை அலமாரியில் விழும். "பாத்தியா?" என்பார் என்னை. தானே கையைப் பிடித்து அழைத்து வந்ததுபோல நிற்பார்.

நான் பார்த்தேன். முதல் பொங்கலிலேயே பார்த்தேன். தை மாதத்தில் சூரியன் நேர் கிழக்கில் உதிப்பதில்லை, நன்றாகத் தெற்கே தள்ளி உதிக்கிறது. நேர் கிழக்கு பார்த்த வீட்டில் அந்த வெளிச்சம் பங்குனியில்தான் நேராக வரும். பொங்கலன்று நேராக வருகிறதென்றால் வாசல் கிழக்கைப் பார்க்கவில்லை. இதைத்தான் ஒன்பதாம் வகுப்புக்கு நான் அதே வாரம் பலகையில் வரைந்து காட்டியிருந்தேன். ஆனால் அந்த வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்ல வாய் வரவில்லை. ஊரில் எல்லோரையும் திருத்துகிற வாய், பதினெட்டு பொங்கலுக்கு "ஆமாம், நல்லா இருக்கு" என்று மட்டுமே சொன்னது.

போனில்தான் திசைகாட்டி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. மகள் ஒரு முறை வாசலில் பிடித்துக் காட்டினாள். முள் தள்ளி நின்றது. அவர் போனை இரண்டு தரம் உதறிவிட்டு, "கேட்டு இரும்பு. அது இழுக்குது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

போன வருடம் ஓய்வு பெற்றார். ரயில் இல்லை, ஆபீஸ் இல்லை. காலை ஒன்பது மணிக்கு மேல் என்ன செய்வது என்று தெரியாமல் செடிக்கு மூன்று முறை தண்ணீர் ஊற்றிச் செடியைக் கொன்றார். கொஞ்சம் தெம்பாக இருந்தது ஒரு விஷயத்தில்தான். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் சமையலறையை எங்கே வைக்கலாம், வாசலை எங்கே வைக்கலாம் என்று அவரிடம் வந்து கேட்பார்கள். கிழக்கு வாசல் சார் என்று தெருவில் பெயர். அந்தப் பெயரையும் பிடுங்கிவிட்டால் மனுஷனுக்கு என்ன மிச்சம்? மேஸ்திரியிடம், "சார் காதுல விழ வேண்டாம்" என்றேன். அவர் நூலைச் சுருட்டாமல் அப்படியே விட்டுவிட்டுப் போனார். அது அவர் செய்த தப்பு.

மறுநாள் காலை நடைக்கு வந்த அத்தனை பேரும் பூங்காவுக்குக் குறுக்கே கோணலாக ஓடிய நூலைப் பார்த்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு பொதுக்குழு கூடியது. தலைவர் நேராகக் கேட்டார்.

"ஏன் டீச்சர் இவ்ளோ கோணையா நூல் கட்டியிருக்கீங்க? முப்பதடி செவுரு, மதிலுக்கு நேரா இல்லாம திரும்பி நின்னா, விரிவுக்காரன் பார்த்துச் சிரிக்க மாட்டான்?"

நான் முன் வரிசையில் இருந்தேன். எங்கள் வீட்டுக்காரர் கடைசி வரிசையில், டீ கேனுக்குப் பக்கத்தில், இஸ்திரி போட்ட சட்டையில். நூல் நேர்தான், உங்கள் ரோடுதான் கோணல் என்று ஒரு வரி சொன்னால் போதும். எழுந்தேன். வாயைத் திறந்தேன். திரும்பிப் பார்க்காமலேயே அந்தச் சட்டை கண்ணுக்குத் தெரிந்தது.

"பார்வைக்கு ரோட்டுக்கு நேரா இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றேன்.

"அப்போ வடக்கு, ரோடு போற தண்ணித் தொட்டிப் பக்கம்னே வெச்சுக்கலாமா? ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க."

தூக்கினேன். தலைவர் முன்னாலிருந்து ஆதரவை எண்ணினார், பொருளாளர் பின்னாலிருந்து எதிர்ப்பை எண்ணினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வரும் வழியில் எங்கள் வீட்டுக்காரர், டீயில் சர்க்கரை அதிகம் என்று மட்டும் சொன்னார்.

கட்டி முடித்து, கிரானைட் பதித்து, மணிக்கோடு வெட்டி, ஆவணி முதல் வாரத்தில் திறப்பு விழா. சாய்ந்த சுவரைப் பார்த்துவிட்டு மேஸ்திரி, "இன்னா டீச்சர், ஆஸ்பத்திரி ராம்ப் மாதிரி கீது" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் விழாவன்று உச்சியில் நிழல் சுவருக்குள் அடங்கியபோது மணியும் கிட்டத்தட்ட பன்னிரண்டு. பத்துப் பன்னிரண்டு நிமிடம் முன்னே பின்னே இருப்பது எங்கள் ஊருக்கு இயல்பு, நம் கடிகாரமெல்லாம் வேறு ஊரின் உச்சிப் பொழுதுக்கு ஓடுகிறது என்று மைக்கில் விளக்கினேன். கைதட்டினார்கள். தலைவர் எனக்குச் சால்வை போர்த்தினார். சால்வைக்குள் எனக்கு வியர்த்தது. அந்த வாரம் எங்கள் ஊரில் உச்சிச் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். அப்போது சுவரை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் உச்சிப் பொழுதை ஒழுங்காகத்தான் காட்டும். விழா மதியம்தான் நடக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது நான்தான்.

கடிகாரம் வந்த வேலையை உடனே செய்தது. இட்லி சூடாக வர ஆரம்பித்தது. கேம்ப் ரோட்டு ஷேர் ஆட்டோக்காரர்கள் 'ராம்ப் பார்க், ராம்ப் பார்க்' என்று கூவினார்கள். கல்யாணப் பத்திரிகைகளில் 'சூரியக் கடிகாரம் எதிரில்' என்று அச்சானது. விரிவிலிருந்து ஆட்கள் மாலையில் குழந்தைகளோடு வந்து செல்ஃபி எடுத்தார்கள். தலைவர் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்து, எதிர்ப்படுகிறவர்களுக்கெல்லாம், "பதிமூணு டிகிரி. நம்ம ஊருக்குன்னே செஞ்சது" என்று விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பார்.

கார்த்திகை வரை மேகம் என்னைக் காப்பாற்றியது. மார்கழியில் வானம் தெளிந்ததும் மானம் போக ஆரம்பித்தது. நிழல் ஒரு மணி நேரம் வரை பின்தங்கியது. "டீச்சர், பனிக்காலத்துல சூரியனே லேட்டா?" என்று நடைக்கு வருகிறவர்கள் கேட்டார்கள். "ஆமாம்" என்றேன். இப்படி ஒரு பதிலை என் மாணவி எழுதியிருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன்.

தையில் தலைவர் புதுக் கார் வாங்கினார். வெள்ளிக்கிழமை. காரை நம் நகரின் சொந்தக் கடிகாரத்துக்கு முன்னால் வைத்துப் பூஜை போட்டு எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு. பன்னிரண்டு அடித்ததும் வண்டி நகர வேண்டும். நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம், முன்னால் சாமந்தி மாலை, பட்டுப்புடவையில் அவர் வீட்டுப் பெண்கள், சுற்றிலும் நாங்கள். போனில் பன்னிரண்டு ஆயிற்று. நிழல் மேற்கு இறக்கையில் நிம்மதியாகப் படுத்திருந்தது.

"பன்னெண்டாயிடுத்து, ஏத்துங்கோ" என்றார் குருக்கள்.

"போன் இன்னா ராகுவைப் பார்த்துச்சா? ராகு காலம் சூரியனோட கணக்கு சாமி. அங்க பாருங்க, பதினொண்ணு கூட ஆகல" என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டினார்.

பன்னிரண்டே கால். பன்னிரண்டரை. குருக்களுக்கு மாடம்பாக்கத்தில் ஒரு கடைத் திறப்பு. "எலுமிச்சம்பழம் இருக்கு, நேரம் வந்ததும் நீங்களே நசுக்கிக்கோங்கோ" என்று சொல்லி ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டார். வெயில் மண்டையைப் பிளந்தது. பெண்கள் பட்டுப்புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டார்கள். தெரு மாடு ஒன்று மெதுவாக வந்து, யாருக்கும் அவசரமில்லை என்று புரிந்துகொண்டு, மாலையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சாப்பிட்டது. விரட்டப் போன தலைவரின் மனைவியை, "இரு, மாடுன்னா லட்சுமி" என்று அவரே தடுத்தார். நிழல் சுவருக்குள் அடங்கியபோது மணி ஒன்று ஏழு. கார் நகர்ந்தது. யாரும் கைதட்டவில்லை. தலைவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். மறுபடி ஏற்றிக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த ஞாயிறே அவசரப் பொதுக்குழு. எங்கள் வீட்டுக்காரர் வழக்கமான இடத்தில், டீ கேன் பக்கத்தில். அன்று தூக்கிய கைகளெல்லாம் இன்று என்னை நோக்கி நீண்டன. பதிமூன்று டிகிரிதான் தப்பு என்றார் ஒருவர். பதினைந்து போட்டிருந்தால் சரியாக இருந்திருக்கும் என்றார் தலைவர். "டீச்சருக்குப் புத்தகத்துல இருக்கறதுதான் தெரியும், சூரியனைப் பத்தி இன்னா தெரியும்" என்று ஒரு குரல் வந்தது. நான் குனிந்த தலை நிமிரவில்லை. என் தொழிலைப் பற்றி என் முகத்துக்கு நேரே யாரும் அப்படிச் சொன்னதில்லை. கண் கலங்கிவிட்டது. ஆனாலும் வாயைத் திறப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"கணக்குல தப்பே இல்ல" என்றார் எங்கள் வீட்டுக்காரர். கூட்டத்தில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. "அவங்க முதல்ல கட்டின நூல்தான் சரி. ரோடுதான் கோணல். ரோடு கோணலா இருக்கறதால எங்க வீடும் கோணல். எங்க வீடு கிழக்கு பார்த்த வீடு இல்ல."

டீ ஊற்றிக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார்.

"அன்னிக்கே எதிர்த்துக் கை தூக்கினேன். வேணும்னா புத்தகத்தைப் பாருங்க."

தலைவர் மினிட்ஸ் புத்தகத்தைப் புரட்டினார். விரலை வைத்து வாசித்தார். "எதிர்ப்பு. மனை எண் இருபத்தொண்ணு. அவர் எல்லாத்தையும் எதிர்ப்பார், விடுங்க. அப்புறம், மனை எண் பதினாலு." விரலை மேலே நகர்த்தினார். "ஆதரவு... ஒம்பது, பதினொண்ணு, பன்னெண்டு, பதினாலு." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "மனைக்கு ஒரு ஓட்டுதான. உங்க வூட்லேர்ந்து ரெண்டு கை வந்துகீது. ஒண்ணு அந்தப் பக்கம், ஒண்ணு இந்தப் பக்கம்."

முதலில் சிரித்தது மனை எண் இருபத்தொன்று. பிறகு எல்லோரும். நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

சிரிப்பு அடங்கியதும் ஒன்பதாம் எண்காரர் தயங்கித் தயங்கி, "எங்க வீட்லயும் போன் தள்ளித்தான் காட்டிச்சு. கேட்டு இரும்பாச்சேன்னு விட்டுட்டேன்" என்றார். பதினொன்றிலும் கேட்டுதான். பன்னிரண்டில் கேட்டு மரம், அவர்கள் கிரில்லைச் சொன்னார்கள். வரிசை முழுதும் தெரிந்து வைத்துக்கொண்டு ஆளுக்கொரு இரும்பின் மேல் பழி போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறது. கடைசியாகத் தலைவர் தொண்டையைச் செருமினார். "ஏரி வாய்க்கால் ஓரமாத்தான் எங்கப்பா ரோடு விட்டாரு. வாய்க்கா அப்படித்தான் போச்சு. யாரும் கேக்கல, நானும் சொல்லல."

கடிகாரத்தை இடித்துத் திருப்பிக் கட்டுவதென்று ஒருமனதாக முடிவாயிற்று. காரணம் என்று மினிட்ஸில் 'அழகுபடுத்துதல்' என எழுதிக்கொண்டார்கள். இந்த முறை பதினான்குக்கு ஒரே கை. அதை அவரையே தூக்கச் சொன்னேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன். "எப்போலேருந்து தெரியும்?"

"முதல் பொங்கல்லேருந்து. சூரியன் நேரா அலமாரிக்கு வந்துது. நீ அதே வாரம் நோட்டுல படம் போட்டு வெச்சிருந்த, பங்குனியிலதான் நேர் கிழக்குன்னு. பார்த்தேன்."

"அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் எழுப்பி நிக்க வெச்சு, பாத்தியா பாத்தியான்னு கேட்டீங்க?"

அவர் கேட்டைத் திறந்தார். நாங்கள் பதினெட்டு வருடமாகப் பழி சொன்ன அதே இரும்புக் கேட்.

"நீ பார்த்தவுடனே கண்டுபிடிச்சிருப்பேன்னு தெரியும். இந்த வீட்டு மேல உனக்கு இருந்த கோவத்துக்கு, இது ஒண்ணு போதும், கிழிச்சிருப்ப. முதல் வருஷம் சொல்லுவியோன்னு பார்த்தேன். சொல்லல. சரி, அடுத்த வருஷம் சொல்லுவியோன்னு பார்த்தேன். நீ ஒவ்வொரு வருஷமும் நல்லா இருக்குன்னே சொன்ன." செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "அதைக் கேக்கறதுக்குத்தான் எழுப்பினேன்."

நேரே சமையலறைக்குப் போய்க் காப்பி போட்டேன். சர்க்கரை குறைவாகப் போட்டேன்.

இப்போது கடிகாரம் மதிலுக்குக் கோணலாக, சூரியனுக்கு நேராக நிற்கிறது. எந்த மாதம் எத்தனை நிமிடம் கூட்ட வேண்டும், கழிக்க வேண்டும் என்று ஒரு பலகை எழுதி வைத்திருக்கிறேன். யாரும் படிப்பதில்லை. அதற்குக் கோணக் கடிகாரம் என்று பெயர் வந்துவிட்டது, ஷேர் ஆட்டோவில் அப்படித்தான் கூவுகிறார்கள். இட்லி இன்னும் சூடாகத்தான் வருகிறது. வீடு கட்டுகிறவர்கள் எங்கள் வீட்டுக்காரரிடம் இன்னும் வருகிறார்கள். அவர் இப்போது முதலில் ஒரு கம்பை நட்டு வட்டம் போடச் சொல்கிறார்.

பங்குனியில், சூரியன் நேர் கிழக்கில் உதித்த அன்று காலை என்னை எழுப்பி ஹாலில் நிறுத்தினார். வெளிச்சம் வாசல் வழியாகச் சாய்வாக உள்ளே வந்து, பூஜை அலமாரிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஓரத்தில் இருந்த ஃப்ரிட்ஜின் மேல் விழுந்தது.

"பாத்தியா?" என்றார்.

"ஆமாம், நல்லா இருக்கு" என்றேன்.